மூக்கால் பார்க்க வேண்டிய படம்

‘தி லஞ்ச்பாக்ஸ்’ படத்தின் கதையை யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். மும்பையில் ஒரு இல்லத்தரசி கணவனுக்கு அனுப்பும் மதியச் சாப்பாடு இடம் மாறி, ஓய்வுபெறப்போகும் ஒரு குமாஸ்தாவின் மேசைக்குப் போய்ச் சேர்கிறது. மறுநாள் அவள் கேரியருக்குள் ஒரு சீட்டு எழுதி வைக்கிறாள். அவர் பதில் எழுதுகிறார். இருவரும் கடைசி வரை நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசிக்கொள்வதில்லை. கேட்பவர் “சரி, அப்புறம்?” என்பார். அப்புறம் ஒன்றும் இல்லை. சண்டை இல்லை, துரத்தல் இல்லை, நெஞ்சு வெடிக்க அழும் காட்சிகூட இல்லை.

ரித்தேஷ் பத்ராவின் முதல் முழுநீளப் படம் இது. 2013 மே மாதம் கான் திரைப்பட விழாவின் விமர்சகர் வாரப் பிரிவில் திரையிடப்பட்டு, அதே ஆண்டு செப்டம்பரில் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டதால் முடிவு உட்பட எல்லாவற்றையும் இங்கே பேசப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வருவது நல்லது.

தனிமையைப் பற்றிய படம் என்று இதைச் சொல்வார்கள். அது உண்மைதான். ஆனால் தனிமையைப் பற்றிய படங்கள் ஏராளம். வெறித்த பார்வை, மழை வழியும் ஜன்னல் கண்ணாடி, பின்னணியில் ஒற்றை வயலின் என்று அதற்கென ஒரு வாய்பாடே இருக்கிறது. பத்ரா அந்த வாய்பாட்டை அதிகம் தொடவில்லை. சினிமாவால் கொடுக்கவே முடியாத இரண்டு புலன்களை, மூக்கையும் நாக்கையும், எடுத்துக்கொண்டு கதையை அவற்றின் மேல் நிறுத்தினார். படத்தின் பெரிய திருப்பங்களைக் கவனித்தால், ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் எதையோ மோந்து பார்க்கும் இடத்தில்தான் நடக்கிறது.

முதல் திருப்பத்தைப் பாருங்கள். சாஜன் ஃபெர்னாண்டஸ் (இர்ஃபான் கான்) ஒரு அலுவலகத்தில் கிளெய்ம்ஸ் பிரிவில் 35 ஆண்டுகளாகக் கணக்குப் பார்க்கிறவர். மனைவி இறந்துவிட்டார். ஏதோ ஒரு ஹோட்டலிலிருந்து மாதக் கணக்கில் சாப்பாடு வருகிறது. மதியம் உணவுக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து, வேலையோடு வேலையாகச் சாப்பிட்டு எழுந்து போவது வழக்கம். அன்று கேரியரின் அடுக்கைப் பிரிக்கிறார். மூடியைத் திறந்ததும் கை ஒரு கணம் நிற்கிறது. கிண்ணத்தை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்க்கிறார். பிறகு அடுத்த அடுக்கு. முகத்தில் பெரிதாக ஒன்றும் மாறுவதில்லை, புருவம்கூட ஏறுவதில்லை. ஆனால் இந்த மனிதருக்குப் பல வருடங்களாக யாரும் சமைத்துப் போடவில்லை என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. வசனம் தேவைப்படவில்லை.

இந்த இடத்தில் ஒரு தொழில் சிக்கல் இருக்கிறது. திரையில் ஒருவர் அழகான ஒன்றைப் பார்த்தால் கேமராவைத் திருப்பி நமக்கும் அதைக் காட்டிவிடலாம். பாட்டுக் கேட்டால் நமக்கும் கேட்கும். வாசனை அப்படி இல்லை. அது நடிகரின் முகத்தோடு நின்றுவிடும். நாம் நம் ஞாபகத்திலிருந்து ஒரு வாசனையை எடுத்து அங்கே வைத்துக்கொள்ள வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். வேகமாக வெட்டிக்கொண்டே போனால், பின்னணி இசையைக் கொட்டினால், அந்த வேலை நடக்காது. இந்தப் படம் மெதுவாகப் போவதற்கும் அமைதியாக இருப்பதற்கும் காரணம் கலைப்பட மனோபாவம் என்று நான் நினைக்கவில்லை. மூக்கை நம்பிய கதைக்கு வேறு வேகம் பொருந்தாது.

ஒளிப்பதிவாளர் மைக்கேல் சிம்மண்ட்ஸ் அமெரிக்கர். நியூயார்க் தெருவோர வாழ்க்கையை எடுத்த சிறு படங்களில் வேலை செய்தவர். மும்பையை அவர் சுற்றுலாக் கண்ணால் பார்க்கவில்லை. கடற்கரை விளக்குகள் கிடையாது. கோப்புகள் அடுக்கிய மேசைகள், ரயில் பெட்டியில் நெரியும் தோள்கள், சமையலறையின் ஒற்றை ஜன்னல், அவ்வளவுதான். இசை மேக்ஸ் ரிக்டர். பல இடங்களில் இசை இருப்பதே தெரியாது. பிரஷர் குக்கர், ரயிலில் கைப்பிடியில் தொங்கும் ஆட்கள், சாப்பாட்டு டப்பாக்களைச் சுமந்துபோகும் டப்பாவாலாக்களின் பஜனை ஆகிய சத்தங்கள்தான் காதில் நிற்கின்றன.

இலாவுக்கு (நிம்ரத் கௌர்) வருவோம். அவள் நாள் முழுவதும் சமையலறையில் இருக்கிறாள். கணவனுக்கு அவள் மேல் கவனம் இல்லை. வாய்க்கு ருசியாகப் போட்டு அவனைத் திருப்பிவிடலாம் என்பது மாடி வீட்டு தேஷ்பாண்டே ஆன்ட்டியின் யோசனை. புதுச் சமையல் குறிப்பு, மேலிருந்து கயிறு கட்டி இறங்கும் கூடையில் மசாலா, எல்லாம் தயார். இதைச் சாப்பிட்டால் உனக்குத் தாஜ்மஹாலே கட்டுவான் என்கிறாள் ஆன்ட்டி. அது கல்லறை ஆயிற்றே என்கிறாள் இலா. படத்தின் நகைச்சுவை எல்லாம் இந்த அளவில்தான். சிரித்து முடிக்கும்போது லேசாகக் குத்தும்.

தமிழில் இதற்கு இரண்டாயிரம் வருடப் பழமையான ஓர் எதிர்ப்படம் இருக்கிறது. குறுந்தொகையின் 167-ஆம் பாட்டு, கூடலூர் கிழார் பாடியது. புதிதாகக் குடித்தனம் தொடங்கிய பெண் கட்டித்தயிரைப் பிசைகிறாள், விரலைத் துடைத்த சேலையை மாற்றக்கூட நேரமில்லை, தாளிப்புப் புகை மைதீட்டிய கண்ணில் ஏறுகிறது. அவளே துழாவிச் சமைத்த புளிக்குழம்பை ‘இனிது’ என்று சொல்லிக் கணவன் சாப்பிடுகிறான். அவள் முகம் மிக நுட்பமாக மலர்கிறது. மகள் வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த செவிலி, அவளை வளர்த்தவள், இதைப் பெற்ற தாயிடம் சொல்கிறாள். பாட்டு அதோடு முடிகிறது. ஒரு வார்த்தைப் பாராட்டு, அதற்கு ஒரு முகம் காட்டும் சின்ன அசைவு. அதற்கு மேல் ஒரு தாம்பத்தியத்தைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை என்று கிழார் நினைத்திருக்க வேண்டும்.

இலாவுக்குக் கிடைக்காமல் போவது இந்த ஒரு வார்த்தைதான். பத்ரா அதை எப்படிக் காட்டுகிறார் என்பதுதான் சாமர்த்தியம். அன்று மாலை கேரியர் வழித்து நக்கியதுபோல் காலியாகத் திரும்பி வருகிறது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கணவன் வந்ததும் அலங்கரித்துக்கொண்டு நிற்கிறாள். சாப்பாடு எப்படி இருந்தது? நன்றாக இருந்தது என்கிறான். அந்த வார்த்தை வந்துவிட்டது! ஆனால் தொடர்ந்து பேசும்போது காலிஃபிளவரைப் பற்றிச் சொல்கிறான். அவள் காலிஃபிளவர் செய்யவே இல்லை. பாராட்டு வேறு யாரோ சமைத்த கறிக்கு. அப்படியானால் அவளுடைய சாப்பாட்டை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டது யார்? நிம்ரத்தின் முகத்தில் ஏமாற்றமும் ஆர்வமும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. செவிலி அங்கே இருந்திருந்தால் தாயிடம் என்ன சொல்லியிருப்பாளோ தெரியாது.

கதை நிற்கும் அந்தப் பிழையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், மும்பையைத் தெரியாதவர்களுக்கு அதன் கனம் புரியாது. டப்பாவாலாக்களின் தொழில் 1890-ல் மகாது ஹவாஜி பச்சே என்பவர் தொடங்கியது. படம் வந்த காலத்தில் சுமார் 5,000 பேர் தினமும் ஏறத்தாழ 2 லட்சம் டப்பாக்களை வீட்டிலிருந்து அலுவலகத்துக்கும், பிறகு காலியாக வீட்டுக்கும் கொண்டுபோய்க்கொண்டிருந்தார்கள். வெள்ளைத் தொப்பி அவர்களின் அடையாளம். மூடியின் மேல் வண்ணத்தில் எழுதிய சில எழுத்துகளும் எண்களும்தான் முகவரி: எந்த வட்டாரத்திலிருந்து வந்தது, எந்த ஸ்டேஷனில் இறங்க வேண்டும், எந்தக் கட்டடம், எத்தனையாவது மாடி. ஒரு டப்பா வழியில் பல கை மாறும். மிதிவண்டி, தள்ளுவண்டி, மின்ரயிலின் லக்கேஜ் பெட்டி, தலைச்சுமை என்று போய், மதியம் சாப்பாட்டு மணிக்குள் மேசைக்கு வந்துவிடும். கணினி கிடையாது.

தவறே செய்யாதவர்கள் என்ற பெயர் இவர்களுக்கு உலகம் முழுக்க உண்டு. ஹார்வர்டு வணிகப் பள்ளி 2010-ல் இவர்களைப் பற்றிப் பாடமே எழுதியது. இன்று இங்கிலாந்தின் மன்னராக இருக்கும் சார்லஸ், இளவரசராக இருந்தபோது 2003-ல் மும்பை வந்து இவர்களைச் சந்தித்தார். டப்பா மாறிப் போகிறது என்று இலா சொல்லும்போது வாசலில் நிற்கும் டப்பாவாலா இந்தப் பெருமைகளைத்தான் எடுத்து விடுகிறார். ஹார்வர்டுக்காரர்களே வந்து ஆராய்ச்சி செய்துவிட்டுப் போனார்கள், தவறு நடக்க வாய்ப்பே இல்லை என்கிறார். (2020-ல் தொற்றுக்காலத்தில் ரயில் நின்று, அதன்பின் வீட்டிலிருந்தே வேலை என்றானதும் இந்தத் தொழில் வெகுவாகச் சுருங்கிப்போனது. இப்போது படத்தைப் பார்த்தால் ரயிலில் அடுக்கி வைத்த அந்த டப்பாக்கள் ஓர் ஆவணம்போல் தெரிகின்றன.)

உண்மையில் பத்ரா முதலில் எடுக்க நினைத்தது ஆவணப்படம்தான். டப்பாவாலாக்களோடு சுற்றினார். எந்த வீட்டில் என்ன சமையல், யார் வீட்டில் யாரோடு பேச்சு இல்லை என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. அந்தக் கதைகளைக் கேட்கக் கேட்க ஆவணப்படம் கைவிடப்பட்டு இந்தக் கதை பிறந்தது. அதனால்தான் படத்தில் டப்பாவின் பயணத்துக்கு அவ்வளவு நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இலா வீட்டுக் கதவிலிருந்து சாஜனின் மேசை வரை டப்பா போகும் நீண்ட காட்சித் தொடரில் ஒரு காதல் படத்துக்கான எந்த அடையாளமும் இல்லை. ஆனால் அதைப் பார்த்த பிறகு ஒரு விஷயம் உறைக்கும்: இந்த ஊரில் ஒரு பாத்திரம் ஒரு மனிதனைவிடப் பத்திரமாக, ஒரு மனிதனைவிட அதிகக் கைகளால் தொடப்பட்டு, ஊரைக் கடந்து போகிறது.

கடிதங்கள். முழுச் சாப்பாட்டையும் வழித்துச் சாப்பிட்ட மனிதருக்கு இலா நன்றி சொல்லி எழுதுகிறாள். வரும் பதில்: இன்று சாப்பாட்டில் உப்பு அதிகம். அவ்வளவுதான்! காதல் கதைகளில் இதைவிட மோசமான முதல் கடிதம் இருக்க முடியாது. ஆன்ட்டிக்குக் கோபம் வருகிறது, மறுநாள் மிளகாய் ஏறுகிறது. அதற்கும் அவர் எழுதுகிறார்: உப்பு சரி, காரம் கொஞ்சம் தூக்கல், இரண்டு வாழைப்பழம் சாப்பிட்டு வாய் எரிச்சலை அணைத்தேன். இந்த ஊரில் மதியத்துக்கு வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொள்கிறவர்கள் நிறையப் பேர் என்றும் சேர்த்துக்கொள்கிறார். நாக்கில் ஆரம்பித்து, மூன்றாவது வரியில் ஊரின் வறுமையைத் தொட்டுவிடுகிற நடை அது. சாஜன் எழுத்தாளர் அல்லர், கணக்கர். தெரிந்ததை மட்டும் எழுதுகிறார். அதனாலேயே ஒவ்வொரு கடிதமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கிறது: மனைவி டிவியிலிருந்து பதிவு செய்து வைத்த பழைய நகைச்சுவைத் தொடரின் கேசட்டுகளை இரவெல்லாம் போட்டுப் பார்த்தது, கல்லறைக்கு இடம் வாங்கப் போனால் நின்ற வாக்கில் புதைக்கும் இடம்தான் இருக்கிறது என்று சொன்னது. ஆயுள் முழுக்க ரயிலிலும் பஸ்ஸிலும் நின்றாயிற்று, செத்த பிறகும் நிற்க வேண்டுமா என்று கேட்கிறார்.

தேஷ்பாண்டே ஆன்ட்டியை நாம் ஒருமுறைகூடப் பார்ப்பதில்லை. பாரதி ஆச்ரேகரின் குரல் மட்டும்தான். பதினைந்து வருடமாகக் கோமாவில் கிடக்கும் கணவர் தலைக்கு மேல் சுழலும் ஓரியன்ட் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருக்கிறார், விசிறி நின்றால் உயிர் போய்விடும் என்று நம்பி அதை ஓடும்போதே துடைக்கிறாள். கேட்டால் அபத்தம், யோசித்தால் தாங்காது. படத்தில் இதற்குக் கிடைப்பது சில வரிகள்தான். எனக்கு ஒரு முழுப் படம் அந்த மாடியில் நடந்துகொண்டிருப்பதாகத் தோன்றும்.

இனி மூக்குக்குத் திரும்பலாம். படத்தின் நடுவில் இலா துணி துவைக்கப் போகிறாள். கணவனின் சட்டையை எடுத்தவள் மோந்து பார்க்கிறாள். அவ்வளவுதான், காட்சி முடிந்துவிட்டது. அவனுக்கு வேறொரு பெண்ணோடு தொடர்பு இருக்கிறது. ஒரு தொலைக்காட்சித் தொடரில் இதற்கு ஒரு வாரம் ஓடியிருக்கும். இங்கே ஒரு மூச்சு. முதல் திருப்பத்தில் ஒருவர் தனக்காகச் சமைக்கப்படாத சாப்பாட்டை மோந்து உயிர் பெறுகிறார். இரண்டாவதில் ஒருத்தி தனக்குச் சொந்தமில்லாத வாசனையை மோந்து எதையோ இழக்கிறாள். இரண்டுமே தவறான முகவரிக்கு வந்த வாசனைகள்.

மூன்றாவதுதான் எல்லாவற்றையும்விடக் கனமானது. இருவரும் ஒரு கஃபேயில் சந்திப்பதாக முடிவாகிறது. இலா போய்க் காத்திருக்கிறாள், தண்ணீராகக் குடித்துக் குடித்து. சாஜன் வரவில்லை. மறுநாள் அவள் அனுப்பும் கேரியரில் ஒன்றுமே இல்லை. வெறும் பாத்திரங்கள். எத்தனையோ நாள் வாசனையைச் சுமந்து வந்த அந்த அடுக்குகளை அவர் ஒவ்வொன்றாகத் திறக்கிறார், ஒன்றுமில்லை. வசவுக் கடிதம் எழுதியிருந்தால்கூட இவ்வளவு உறைத்திருக்காது.

பிறகு அவர் விளக்கம் எழுதுகிறார். அன்று காலை சவரம் செய்துகொண்டு வெளியே வந்தவர், எதையோ மறந்துவிட்டுத் திரும்பவும் குளியலறைக்குப் போயிருக்கிறார். உள்ளே தாத்தாவின் வாசனை. சின்ன வயதில் தாத்தா குளித்துவிட்டுப் போன பிறகு வீசுமே, அதே வாசனை. தாத்தா அங்கே இல்லை. அது தன் வாசனைதான் என்று புரிய ஒரு கணம் ஆகிறது. எப்போது கிழவன் ஆனேன் என்று தெரியவில்லை என்று எழுதுகிறார். போதாததற்கு ரயிலில் ஒரு பையன் எழுந்து இடம் கொடுக்கிறான். கஃபேக்கு அவர் போயிருக்கிறார், தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார், இளமையாக அழகாக இருந்த பெண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்.

முதுமையைச் சொல்ல நரையைக் காட்டலாம், கண்ணாடியைக் காட்டலாம். சினிமா வழக்கமாக அதைத்தான் செய்யும். கண்ணாடியை ஏமாற்ற முடியும் என்பதால்தான் பத்ரா குளியலறை வாசனைக்குப் போனார் என்று தோன்றுகிறது. தன் உடம்பின் வாசனை தனக்கே தெரியாது. தெரியும்போது அது வேறொருவருடையதாகத் தெரிகிறது. இந்த வரிகளை இர்ஃபான் குரலில் எந்த ஏற்ற இறக்கமும் இல்லாமல், ஒரு கணக்குப் புத்தகத்தை வாசிப்பதுபோல் சொல்லிக்கொண்டு போகிறார். அப்போது அவருக்கு வயது நாற்பத்தைந்தைச் சுற்றித்தான். நடையில், தோள் விழுந்திருக்கும் விதத்தில், வாயை முழுதாகத் திறக்காமல் பேசுவதில் பதினைந்து வயதைக் கூட்டியிருக்கிறார். 2020 ஏப்ரலில் அவர் 53 வயதில் இறந்துபோனார். திரையில் வாழ்ந்து காட்டிய அந்த ஓய்வுபெறும் வயதை நிஜத்தில் அவர் தொடவே இல்லை. இதை நினைக்காமல் இப்போது அந்தக் காட்சியைப் பார்க்க என்னால் முடிவதில்லை.

இந்திய சினிமாவில் வீட்டுக்குள் தனித்து விடப்பட்ட மனைவி என்றதும் சத்யஜித் ராயின் ‘சாருலதா’ (1964) நினைவுக்கு வரும். பத்திரிகை நடத்துவதில் மூழ்கிய கணவன், பெரிய வீடு, கையில் ஒரு சிறு தொலைநோக்கி. சாரு ஜன்னல் ஜன்னலாக ஓடித் தெருவைப் பார்க்கிறாள். ராய் தனிமையைக் கண்ணுக்குள் வைத்தார். கண் என்பது தூரத்தைக் காட்டும் புலன். சாருவுக்கு உலகம் எப்போதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான். பத்ராவின் இலாவுக்கு ஜன்னல் உண்டு, ஆனால் அதில் தெரு தெரிவதில்லை, ஆன்ட்டியின் கூடை மட்டும் இறங்குகிறது. அவளிடமிருந்து வெளியே போவது சமையலின் வாசனை. மூக்கும் நாக்கும் தொட்டால்தான் வேலை செய்யும் புலன்கள். எங்கோ ஒருத்தி கையால் பிசைந்தது இன்னொருவர் வாய்க்குள் போகிறது. முகம் பார்க்காத இருவருக்கு இதைவிட நெருக்கம் சாத்தியமில்லை.

தமிழில் இந்த நிதானத்துக்குப் பழகியவர்கள் பாலு மகேந்திராவின் ‘வீடு’, ‘சந்தியா ராகம்’ பார்த்தவர்களாக இருப்பார்கள். சொக்கலிங்க பாகவதர் ஒரு சொல் பேசாமல் முற்றத்தில் நின்றாலே மனதுக்குள் என்ன ஓடுகிறது என்று நமக்குத் தெரியும். இர்ஃபானின் சாஜன் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஷேக் (நவாசுதீன் சித்திக்கி) இல்லாவிட்டால் படம் தன் சோகத்திலேயே ஊறிப்போயிருக்கும். சாஜனின் வேலையைக் கற்றுக்கொள்ள வந்தவன். ஓயாமல் சிரிக்கிறான், ஓயாமல் பேசுகிறான், வீடு திரும்பும் ரயிலில் அலுவலகக் கோப்பின் மேல் வைத்தே இரவுச் சமையலுக்குக் காய் நறுக்குகிறான். ‘என் அம்மா சொல்வார்’ என்று அடிக்கடி ஆரம்பிப்பான். பிறகு அவன் அநாதை என்று தெரிகிறது. அப்புறம் எந்த அம்மா? அப்படிச் சொன்னால் பேச்சுக்கு ஒரு கனம் வருகிறது என்கிறான். நான் பார்த்தவரை படத்தின் மிகத் தனிமையான மனிதன் இவன்தான், சாஜன்கூட இல்லை. சாஜனுக்கு நினைத்து வருந்த ஒரு மனைவி இருந்தார், மோந்து ஞாபகம் கொள்ள ஒரு தாத்தா இருந்தார். ஷேக்குக்கு எதுவும் இல்லாததால் ஒரு தாயையே தயாரித்துக்கொண்டிருக்கிறான். அவனுடைய திருமணத்தில் மாப்பிள்ளை வீட்டார் என்று நிற்க சாஜன் ஒருவர்தான். அந்தப் புகைப்படக் காட்சியை ஒரு நகைச்சுவைபோல் கடந்துவிடுகிறார்கள்.

அவனை முதலில் துரத்திக்கொண்டே இருந்த சாஜன், ஒரு நாள் தன் கேரியரிலிருந்து அவனுக்குப் பரிமாறுகிறார். அன்றிலிருந்துதான் அவர் மாறுகிறார். இலாவின் சமையல் இருவருக்கிடையே மட்டும் ஓடும் ரகசியமாக இருந்திருந்தால் கதை சுருங்கியிருக்கும்.

இலாவின் அம்மாவாக லில்லெட் துபே வரும் காட்சியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நுரையீரல் புற்றுநோயில் கிடந்த அப்பா இறந்துவிடுகிறார். உடல் இன்னும் வீட்டில் இருக்கிறது. அம்மா அழவில்லை. பசிக்கிறது என்கிறார், பராட்டா சாப்பிட வேண்டும்போல் இருக்கிறது என்கிறார். இத்தனை வருடமும் அவருடைய காலைச் சாப்பாடு, மருந்து, குளியல், மறுபடி காலைச் சாப்பாடு என்று ஓடியதில் ஒரு அருவருப்பு சேர்ந்துவிட்டதையும் சொல்லிவிடுகிறார். நல்ல மனைவி என்ற வேடத்தின் தையல் ஒரே வாக்கியத்தில் பிரிந்துவிடுகிறது. இலா பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு முன்னால் இருக்கும் முப்பது வருடம் அது.

குறைகள் உண்டு. கணவன் ராஜீவ் பாத்திரம் அட்டைபோல் தட்டையானது. அவனுக்கு ஒரே ஒரு நல்ல காட்சி கொடுத்திருந்தால் அவனை விட்டுப் போகும் இலாவின் முடிவு இன்னும் கடினமாகியிருக்கும், படமும் உயர்ந்திருக்கும். தினமும் ஹோட்டல் காலிஃபிளவரைச் சாப்பிட்டு, அதைப் பற்றி வீட்டில் குறைப்பட்டும் கொள்கிறவனுக்கு டப்பா மாறியது கடைசி வரை தெரியவில்லை என்பதை ஏற்கச் சிரமமாகத்தான் இருக்கிறது. கைபேசி உள்ள காலத்தில் இருவரும் எண் கேட்டுக்கொள்ளவில்லையே என்றும் சிலர் கேட்பார்கள். அதற்கு நான் படத்தின் பக்கம். எண் கேட்டுவிட்டால் குரல் வந்துவிடும், குரல் வந்தால் வயது தெரிந்துவிடும். இருவருக்குமே அது வேண்டியிருக்கவில்லை.

பூட்டான் கனவில் ஒரு வேடிக்கை. மகள் பள்ளியில் கேட்டு வந்ததை வைத்து, மகிழ்ச்சியை அளக்கும் அந்த நாட்டுக்குப் போய்விடலாம் என்று இலா நினைக்கிறாள். நம் ஒரு ரூபாய்க்கு அங்கே ஐந்து மடங்கு மதிப்பு என்ற பேச்சும் படத்தில் வருகிறது. உண்மையில் பூட்டானின் நுல்ட்ரமும் நம் ரூபாயும் ஒன்றுக்கு ஒன்று, 1974-லிருந்து அப்படித்தான். எழுதியவர்களுக்குத் தெரியாமல் நடந்ததா, பாத்திரங்களின் அறியாமையைக் காட்டத்தான் வைத்தார்களா, எப்படியிருந்தாலும் வளையலை விற்றுவிட்டுப் போகத் துணிகிற ஒருத்தியின் கணக்கு அடிப்படையிலேயே தவறு என்பது படத்துக்குப் பொருந்தித்தான் போகிறது.

அந்த ஆண்டு ஆஸ்கருக்கு இந்தியா சார்பில் இந்தப் படம்தான் போகும் என்று பலரும் நம்பினார்கள். குஜராத்திப் படமான ‘தி குட் ரோட்’ தேர்வானது, பெரிய சர்ச்சை ஆனது. இன்று அந்தச் சண்டை நினைவில் இருக்கும் அளவுக்குக்கூட முக்கியமில்லை.

முடிவில்தான் இன்றும் ஆளுக்கு ஒரு கட்சி. ஓய்வுபெற்று நாசிக்குக்கு ரயிலேறிய சாஜன், எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு முதியவரைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்துவிடுகிறார். அதற்குள் இலா அலுவலகம் வரை தேடிப் போய், அவர் போய்விட்டார் என்று கேட்டுவிட்டாள். நகைகளைக் கழற்றி, எங்கே அனுப்புவது என்று தெரியாத ஒரு கடைசிக் கடிதத்தை எழுதிவிட்டு, மகள் பள்ளியிலிருந்து வரும் நேரத்துக்காக உட்கார்ந்திருக்கிறாள். சாஜன் டப்பாவாலாக்களோடு ரயில் பெட்டியில் இருக்கிறார், அவர்கள் தாளம் தட்டிப் பாடுகிறார்கள். அங்கே வெட்டிவிடுகிறார்கள்.

சந்திக்கவில்லை என்பவர்களின் வாதம் வலுவானதுதான். பள்ளி விடும் நேரம் நெருங்குகிறது, அவள் தயாராகிவிட்டாள், அவர் இன்னும் ரயிலில் இருக்கிறார். இந்தப் படம் இதுவரை எதையும் சுலபமாகக் கொடுத்ததில்லை. சந்தித்தாலும் என்ன பேசுவார்கள், அந்த வயது இடைவெளி எங்கே போகும் என்றும் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விகள்தான்.

நான் சந்திக்கிறார்கள் என்ற கட்சி. காரணம் காதலில் உள்ள நம்பிக்கை இல்லை, டப்பாவாலாக்களின் வேலை முறை. படத்தை மறுபடி பார்க்கும்போது கவனியுங்கள். காலையில் போகும் டப்பா தினமும் தவறான மேசைக்குப் போகிறது. ஆனால் சாயங்காலம் அதே டப்பா, ஒரு நாள்கூடப் பிசகாமல், இலாவின் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்துவிடுகிறது. போகிற வழியில்தான் பிழை, திரும்புகிற வழியில் இல்லை. சாஜன் ஏறியிருப்பது காலி டப்பாக்கள் திரும்பும் வண்டியில்.